மூன்று மென்பொருள், ஒரு காலிக் கட்டம்

முதல் தடவை தப்பாகத் தேர்ந்தெடுத்தவள் நான்தான். அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்ல முடியாது.

துடியலூர் தாண்டி மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சாலையில் இருக்கிறது எங்கள் கம்பெனி. போர்வெல்லில் இறக்கும் மோட்டார் பம்பு செய்கிறோம். அங்கே கதவில் ‘டேட்டா டீம்’ என்று ஒட்டியிருந்த ஓர் அறையில் மூன்று பேர் இருந்தோம். நான், எனக்கு உதவியாக ஒரு பெண், அப்புறம் கோபிசெட்டிபாளையத்துக்காரர் ஒருவர். தயாரிப்பு, விற்பனை, சர்வீஸ் என்று ஒவ்வொரு பிரிவும் தன்பாட்டுக்கு எழுதி வைக்கும் விவரங்களை ஒன்றாகக் கோத்து, முதலாளி கேட்கும் கேள்விக்குப் பதில் எடுத்துக் கொடுப்பது எங்கள் வேலை. அந்தப் பதிலைப் படமாகவும் பட்டியலாகவும் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கும்படி காட்ட ஒரு மென்பொருள் வேண்டியிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவினாசி ரோட்டில் ஒரு ஹோட்டலில் நடந்த விளக்கக் கூட்டத்துக்குப் போய், திரையில் சுழன்ற வண்ணங்களைப் பார்த்து மயங்கி, ஒன்றைச் சிபாரிசு செய்தேன். வாங்கினார்கள். எங்கள் விவரங்களை ஏற்றியதும் அது நொண்ட ஆரம்பித்தது. எட்டு மாதத்தில் எங்கள் மூவரைத் தவிர அதை யாரும் திறப்பதில்லை என்றாயிற்று. பிறகு நாங்களும் விட்டுவிட்டோம்.

போன வருடம் தை முடிந்த சமயம் முதலாளி கூப்பிட்டார்.

“அம்மணி, மறுபடியும் ஒருக்கா பாருங்க. மூணு கம்பெனிக்காரங்க வந்து கேட்டுட்டு இருக்காங்க. ஆறு வாரம் மூணையும் ஓட்டிப் பாத்துட்டு, எது நமக்கு ஆகும்னு சொல்லுங்க.”

“சரிங்க சார்.”

“இந்தத் தடவையும் தோதுப்படலீன்னா...” மேஜை மேலிருந்த காகிதத்தை ஓரமாக நகர்த்திவிட்டுச் சொன்னார். “ஸ்டோர்ல எடம் பத்தலீன்னு கேட்டுட்டே இருக்காங்க. அந்த ரூமைக் குடுத்துபோடலாமுங்க. நீங்க மூணு பேரும் வேற எங்காச்சும் பாத்துக்குவீங்க.”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு ‘ங்க’ போட்டு, மரியாதை குறையாமல் சொன்னார். நான் மறுபடியும் ‘சரிங்க சார்’ என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்போது எங்கள் வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். கணபதியில் என் கணவர் நடத்திய லேத் பட்டறை அதற்கு முந்தின வருடம் மூடிப்போயிருந்தது. பன்னிரண்டாவது படிக்கும் மகள். முதலாளி சொன்னதை வீட்டில் சொல்லவில்லை. அறையில் இருந்த இருவரிடமும் பாதியைத்தான் சொன்னேன். ஆனால் கோபிக்காரர் என் முகத்தைப் பார்த்தே மீதியைத் தெரிந்துகொண்டார். அவர் வீட்டில் குழந்தை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை.

மூன்று மென்பொருளுக்கும் எங்களுக்குள் அவற்றின் முத்திரை நிறத்தைப் பேராக வைத்துக்கொண்டோம். நீலம், பச்சை, மஞ்சள். முதல் தடவை செய்த தப்பை மறுபடி செய்யக் கூடாது என்று ஒன்றை மட்டும் உறுதியாக முடிவு செய்திருந்தேன்: விற்க வருகிறவர்கள் கொண்டுவரும் மாதிரி விவரங்களை வைத்துப் பார்ப்பதில்லை. எங்களுடைய விவரங்கள், எங்களுடைய கேள்விகள். ஒவ்வொரு பிரிவிலும் போய், “உங்களுக்குத் தினமும் தெரிய வேண்டியது எது?” என்று கேட்டுப் பன்னிரண்டு கேள்விகளைத் திரட்டினோம்.

சர்வீஸ் பிரிவின் தலைவர் மட்டும் எதுவும் தரவில்லை. முப்பது வருடமாக அங்கே இருப்பவர். வாட்ச்மேனிலிருந்து மேனேஜர் வரை எல்லாரும் அவரை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவோம். நான் இரண்டு முறை போய் நின்றபோதும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

“எங்களுக்கு ஒண்ணும் வேண்டாமுங்க அம்மணி. மத்தவங்க கேக்கறதச் செஞ்சு குடுங்க.”

ஒரு பிரிவை விட்டுவிட்டால் பட்டியல் குறையாகத் தெரியுமே என்று, அவர் சார்பில் நானே ஒரு கேள்வியை எழுதிக்கொண்டேன். விற்ற ஆறு மாதத்துக்குள் பழுதாகித் திரும்பி வந்த பம்பு எத்தனை, எந்த ஊரிலிருந்து, என்ன காரணம்?

முதல் மூன்று வாரங்களில் எதுவும் ஒழுங்காக ஓடவில்லை. நீலத்தில் சர்வீஸ் விவரங்களை ஏற்றினால் திரையின் நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். நாங்கள் மூவரும் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். விற்க வந்தவர் சென்னையிலிருந்து வீடியோவில் வந்து, “உங்க டேட்டா கிளீனா இல்ல மேடம்” என்றார். அது எனக்கே தெரியும். கிளீனாக இருந்தால் அவரை எதற்குக் கூப்பிடப் போகிறேன்? பச்சையில் தமிழ் எழுத்து உடைந்தது. ‘கோபி’யின் கொம்பு ஒரு பக்கமும் ககரம் ஒரு பக்கமும் நிற்கும். போதாததற்கு எங்கள் ஆட்கள் அந்த ஒரே ஊரை ஏழு விதமாக எழுதி வைத்திருந்தார்கள். பவானி நான்கு விதம். மஞ்சள் கொஞ்சம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, மூன்றாம் வாரம் புதன்கிழமை மத்தியானம் திடீரென்று பூட்டிக்கொண்டது. இலவசமாகப் பார்க்கும் காலம் முடிந்துவிட்டதாம். மறுபடி திறந்துவிடச் சொல்லி ஒரு நாளைக்கு நான்கு தடவை போன் செய்தேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

இதற்கு நடுவில் முதலாளியின் மகள் வருவார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து அப்பாவுக்கு ஒத்தாசையாகக் கம்பெனியைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார். கெட்டிக்காரப் பெண். “எங்கூடப் படிச்சவங்க எல்லாருமே அந்த நீலத்தத்தான் யூஸ் பண்றாங்க. இன்னும் எதுக்குங்க்கா இவ்வளவு நாள் பாக்கறீங்க?” என்பார். அவர் போன பிறகு நாங்கள் மூவரும் மறுபடி நீலத்தின் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவோம்.

நான் மத்தியானச் சாப்பாட்டை அப்படியே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப்போக ஆரம்பித்தேன். சாயங்காலம் வண்டி நிறுத்துமிடத்தில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து, சாவியைப் போடாமல், வேறு எந்தக் கம்பெனிகளில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று யோசிப்பேன். நாற்பத்தொரு வயது. முன்பு வாங்கிய சாஃப்ட்வேரை வீணாக்கியவள் என்று ஊருக்குள் பேர். கோவை பெரிய ஊர் என்கிறார்கள். பம்புக்காரர்களுக்குள் அது ஒரு தெருதான்.

நான்காம் வாரம் ஒருவழியாக மூன்றும் ஓடின. பன்னிரண்டு கேள்விகளையும் மூன்றிலும் போட்டோம். பதினொன்றுக்கு விடை ஒத்துப்போயிற்று. நானே எழுதிய அந்தக் கேள்விக்கு மட்டும் மூன்றும் மூன்று எண்ணிக்கை சொல்லின. சின்ன வித்தியாசம் இல்லை. நீலம் சொன்னதைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கு பச்சையில் வந்தது. மஞ்சள் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்றைச் சொன்னது.

அன்றைக்கு நான் பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எந்த மென்பொருள் பொய் சொல்கிறது என்று தெரியாமல் எதைச் சிபாரிசு செய்வது? தெரியவில்லை என்று போய்ச் சொன்னால் அறை ஸ்டோருக்குப் போய்விடும். தெரிந்த மாதிரி சொல்லிவிட்டால் முன்பு செய்ததையேதான் மறுபடியும் செய்கிறேன்.

கண்டுபிடித்தது என் உதவிப் பெண். சர்ச்சில் காலைத் திருப்பலிக்குப் போய்விட்டு நேராக ஆபீஸ் வருகிறவள். அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்த ஆறு மாத சர்வீஸ் விவரங்கள் முழுவதையும் அச்சடித்து, அறையின் தரையில் பரப்பி, முட்டி போட்டு உட்கார்ந்து, பென்சிலால் ஒவ்வொரு வரியாக டிக் அடித்துக்கொண்டே போனாள். இரண்டு நாள் ஆயிற்று.

“அக்கா, இங்க வாங்க. மூணுமே பொய் சொல்லலீங்க்கா” என்றாள்.

காரணம் என்ற கட்டம் நிரப்பாமல் விட்ட வரிகளை நீலம் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டு எண்ணியிருந்தது. பச்சை அவற்றுக்கும் ‘காலி’ என்று தனியாக ஒரு வரி போட்டுச் சேர்த்திருந்தது. மஞ்சள் ஒரு பம்பு எத்தனை தடவை திரும்பி வந்தாலும் அதை ஒன்றாகவே எண்ணியிருந்தது.

“அதுல பாருங்க. இந்தக் காலிக் கட்டம் எல்லாமே கோபி, பவானி பக்கத்து சர்வீஸ் சென்டர்ல எழுதினதுதான். அதே பம்பே ரெண்டு தடவை, மூணு தடவை வந்திருக்குதுங்க்கா.”

கோபிக்காரர் உடனே அந்த சென்டருக்குப் போன் போட்டார். அங்கே அவருக்குத் தெரிந்த ஆள்தான் எடுத்தார். “அதெல்லாம் நமக்கெதுக்குங்க, வேற சோலி இருந்தா பாருங்க” என்று வைத்துவிட்டாராம். நான் பட்டியலில் மூன்று தடவை வந்திருந்த ஒரு பம்பின் வரியை எடுத்து, அதிலிருந்த எண்ணுக்கு நானே கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தார்.

“ஏனுங்க, கம்பெனிலருந்துங்களா? நெசமாலுமே கம்பெனிலருந்தா பேசறீங்க?”

“ஆமாங்க. உங்க மோட்டார் விஷயமாக் கேக்கலாம்னு...”

“நா ஒண்ணும் பொய் சொல்லலீங்க அம்மணி. கரண்டு எங்களுக்கு நல்லாத்தானுங்க வருது. பக்கத்துத் தோட்டத்துல அதே லைன்லதான் ஓடுது. எம்பட மோட்டார் மட்டும் எப்படீங்க மூணு தடவை எரியும்?” என்றார்.

சனிக்கிழமை நானும் கோபிக்காரரும் அன்னூர், புளியம்பட்டி வழியாகப் போனோம். மென்பொருள் பார்க்கிற வேலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. இன்னும் பத்து நாள்தான் இருந்தது. ஆபீஸில் சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. அதனால் போனேன் என்பதுதான் உண்மை.

கோபிக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது தோட்டம். வீட்டுக்காரர் திருப்பூரில் வேலைக்குப் போகிறவர். தோட்டம் முழுக்க அந்த அம்மாதான். நேந்திரம் வாழை போட்டிருந்தார். வரப்பிலிருந்தே தெரிந்தது. பக்கத்துத் தோட்டத்து வாழை ஆளுயரத்துக்கு மேல் கறுகறுவென்று நிற்க, இவருடையது இலை மஞ்சளித்து, ஓரம் கருகி, தார் ஒவ்வொன்றும் விரல் பருமனான காய்களோடு தொங்கிக்கொண்டிருந்தது. சில மரங்கள் நடுவில் ஒடிந்து கிடந்தன.

எங்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, சுவரிலிருந்து தினசரி காலண்டரின் அட்டையோடு ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்தார். கிழித்த தாள்களை எறியாமல் நூலில் கோத்து வைத்திருந்தார். ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் எழுதியிருந்தது. மோட்டார் எத்தனை மணிக்குப் போட்டது, எத்தனை மணிக்கு நின்றது, எந்த நாள் ஆள் வைத்து போர்வெல்லிலிருந்து தூக்கியது, எந்த நாள் சென்டருக்கு எடுத்துப்போனது, என்ன சொன்னார்கள், எந்த நாள் திரும்ப இறக்கியது. ‘வோல்டேஜ் என்கிறார்கள்’ என்று மூன்று தாள்களில் இருந்தது.

“எழுதி வெச்சா நாளைக்கு ஆராச்சும் கேட்டாச் சொல்லலாம்னுதானுங்க எழுதுனேன்” என்றார். “ஆரும் கேக்கலீங்க. நீங்கதான் மொதல்ல வந்திருக்கறீங்க.”

கோபிக்காரர் அந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் மூன்று பேர், சம்பளம் வாங்கிக்கொண்டு, குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து வைத்திருந்த விவரங்கள் எதுவும் அந்த நூல் கட்டுக்கு ஈடில்லை. என்னால் அங்கே உட்கார முடியவில்லை. கிளம்பும்போது அவர், “மோட்டார் மாத்திக் குடுப்பாங்களாங்க?” என்று கேட்டார். “பேசிப் பாக்கறனுங்க” என்றேன். அதைச் சொல்ல எனக்கு என்ன அதிகாரம் இருந்தது?

திங்கட்கிழமை காலை சர்வீஸ் அண்ணாவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். பட்டியலை அவர் முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போடவேயில்லை. படிக்காமலே அவருக்கு அது என்னவென்று தெரிந்திருந்தது.

“கம்பிங்க அம்மணி” என்றார். “காயில் சுத்தற கம்பி. போன வருசம் வாங்கற எடத்த மாத்துனாங்க. புதுசா வந்தது சரியில்லீங்க. சூடு தாங்கறதில்ல. எரிஞ்சு வந்தா மறுபடியும் அதே கம்பிலதானுங்க சுத்திக் குடுத்தோம். வேற கம்பி எங்ககிட்ட ஏது?”

“முதலாளிக்குத் தெரியுமுங்களா?”

“ஒருக்காச் சொன்னேன். பாத்துக்கலாமுன்னாரு. கம்பி வாங்கிக் குடுத்தது அவரு மச்சினரு. அதுக்கு மேல எப்படீங்க சொல்றது? நான் ரிட்டயராக இன்னும் ஆறு மாசந்தானுங்க.”

எனக்குக் கோபம் பொங்கியது. “அதுக்காகக் காரணத்த எழுதாம மறைச்சுட்டீங்களாண்ணா? அந்தம்மா வாழையெல்லாம் போயிருச்சுங்க. எழுதியிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்குமே!”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“எதை எழுதறதுங்க? அந்தக் காரண லிஸ்டப் போட்டது நீங்கதானுங்களே.”

மேஜையிலிருந்த பட்டியலைத் திரும்பக் கையில் எடுத்தேன்.

“வோல்டேஜ் இருக்குது. தண்ணியில்லாம ஓட்டுனதுன்னு இருக்குது. மண்ணு அடைச்சதுன்னு இருக்குது. வாங்குனவங்க தப்புன்னு இருக்குது. நம்ம தப்புன்னு எழுத அதுல ஒரு வரி இல்லீங்களே அம்மணி. பசங்க வந்து கேட்டாங்க, என்னண்ணா போடறதுன்னு. வாய்ல வோல்டேஜுன்னு சொல்லீருவாங்க. எழுத மனசு வல்லீங்க. பொய்ய எழுத வேண்டாம், சும்மா உட்டுப்போடுங்கடான்னு நாந்தான் சொன்னேன்.”

நான்கு வருடத்துக்கு முன்னால், சர்வீஸ் சென்டர்கள் நிரப்பும் அந்தப் படிவத்தைச் செய்தது நான்தான். விற்பனைப் பிரிவு கொடுத்த காரணப் பட்டியலை வாங்கி, ஒரு வரிகூட யோசிக்காமல் அப்படியே ஏற்றியிருந்தேன். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்ததற்குப் போக முடிந்ததுகூட என் கவனக்குறைவால்தான். கட்டாயம் என்று குறிக்க மறந்திருந்தேன். நான் மறந்ததில்தான் அந்த ஆட்கள் பொய் எழுதாமல் தப்பித்திருக்கிறார்கள். இதுவரை யார் மேலாவது போடலாம் என்று தூக்கிக்கொண்டு திரிந்த பழி இப்போது என் மடியில் வந்து உட்கார்ந்தது.

“என்ற பேர மட்டும் சொல்ல வேண்டாமுங்க” என்றார் அவர். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

மீதி இருந்த நாள்களில் நான் சரியாகத் தூங்கவில்லை. சொல்லாமல் விடலாம். நீலம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் முதலாளியின் மகளுக்கு மகிழ்ச்சி, அறை நிற்கும், மூன்று வீட்டில் அடுப்பு எரியும். என் உதவிப் பெண்ணிடமும் கோபிக்காரரிடமும் இரண்டு வழியையும் சொல்லி, என்ன செய்யட்டும் என்று கேட்டேன். இது எனக்கு மட்டும் போகிற வேலையாக இருந்தால் கேட்டிருக்க மாட்டேன்.

“நா அந்தத் தாளப் பாத்துட்டேனுங்க. இனி என்னத்த ரோசனை பண்றது” என்றார் கோபிக்காரர்.

அவள், “நீங்க பேசுங்க்கா. நான் பக்கத்துல உக்காந்து ஜெபம் பண்ணிக்கறேன்” என்றாள்.

கூட்டம் மாடியறையில் நடந்தது. முதலாளி, மகள், பிரிவுத் தலைவர்கள் எல்லாரும் இருந்தார்கள். வேகம், விலை, பயன்படுத்த எளிமை என்று மற்றவற்றை முதலில் முடித்தேன். பிறகு அந்த ஒரு கேள்வியை மூன்றிலும் வரிசையாகப் போட்டுக் காட்டினேன். மூன்று விடை ஏன் வருகிறது என்று சொன்னேன். பச்சையில் ‘காலி’ என்ற வரியைத் திறந்து, உள்ளே இருந்த ஊர்களையும், திரும்பத் திரும்ப வந்த பம்புகளையும் காட்டினேன். கடைசியாக நூலில் கோத்த அந்தத் தாள்களை எடுத்த போட்டோக்களைக் காட்டினேன்.

“பச்சையை எடுக்கலாமுங்க சார். நிரப்பாத கட்டத்தையும் அது மறைக்காமக் காட்டுது. அந்தக் காரண லிஸ்டைச் செஞ்சது நான்தானுங்க. அதுல நம்ம குறைன்னு ஒரு வரி வைக்காதது என் தப்பு.”

முதலாளியின் முகம் சிவந்தது.

“சாப்ட்வேர் பாக்கச் சொன்னா ஊட்டுக் குப்பையக் கிளறீட்டு வந்திருக்கறீங்க. இது இன்னும் ஆருக்குத் தெரியும்?”

நான் வாயைத் திறப்பதற்குள் சர்வீஸ் அண்ணா எழுந்து நின்றார்.

“எனக்குத் தெரியுமுங்க. காலியா உடச் சொன்னது நானுங்க.”

முதலாளி மகளிடம் தெலுங்கில் வேகமாக ஏதோ சொன்னார். வீட்டில் பேசுகிற மொழியை அவர் ஆபீஸில் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். இருவரும் எழுந்து போய்விட்டார்கள். மற்றவர்களும் நாற்காலியை நகர்த்திவிட்டுக் கலைந்தார்கள்.

ஒன்பது நாள் ஒரு தகவலும் இல்லை. அன்றாடம் போய் உட்கார்ந்து வந்தோம். மூன்றாம் நாள் என் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் அரிவாள்மணையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். “மோட்டாரப் பத்தி எனக்கும் கொஞ்சம் தெரியும். அந்தக் கம்பி எரியத்தான் செய்யும்” என்றார். “போனாப் போவுது, வெசனப்படாத” என்று சொல்லிவிட்டு நறுக்குவதைத் தொடர்ந்தார். அவர் கவலைப்பட்டது அவர் நறுக்கிய வேகத்தில் தெரிந்தது.

பத்தாம் நாள் ஒவ்வொன்றாக உத்தரவு வந்தது. மறுபடியும் பழைய இடத்திலிருந்தே கம்பி வாங்கச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பட்டியலில் இருந்த பம்புகளுக்குப் புதிய மோட்டார் போகும். யாரும் இதைப் பற்றி வெளியே பேசக் கூடாது. அதைக் கேட்டு நாங்கள் மூவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். மத்தியானம் மீதி வந்தது. அறை ஸ்டோருக்கு. மூவரில் இருவர் போதும். வாங்கப்போவது நீலம். “பச்சைல ஊர்ப்பேரே தமிழ்ல சரியா வரலையேங்க்கா. கஸ்டமர் முன்னாடி எப்படி வெக்கறது?” என்றார் முதலாளியின் மகள். அது பொய்யான காரணமும் இல்லை.

யார் போவது என்று எங்களையே முடிவு செய்யச் சொன்னார்கள். அதைவிட வேறு தண்டனை வேண்டாம். நான் போகிறேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். வாய் வரவில்லை. மகளின் பரீட்சை அந்த வாரம். நான் தயங்கிய அந்த இரண்டு நிமிடத்துக்குள் கோபிக்காரர், “நா பெங்களூர்ல பாத்துக்கறேங்க. சின்ன வயசு, எங்க போனாலும் ஆகும்” என்றார். கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போனார். இன்றுவரை அவருக்குப் போன் செய்யும்போதெல்லாம் குழந்தையைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.

சர்வீஸ் அண்ணா ஆறு மாதம் காத்திருக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு போனவர் திங்கட்கிழமை வரவில்லை. மாலை போட்டு, போட்டோ எடுத்து அனுப்பவேண்டிய மனிதர். கேன்டீனில் இரண்டு நாள் பேசிவிட்டு மறந்துவிட்டார்கள்.

தோட்டத்து அம்மாவுக்குப் புது மோட்டார் போய்ச் சேர்ந்தது. அவரே கூப்பிட்டார். “நல்லாத் தண்ணி எடுக்குதுங்க. இந்த வாழையத்தான் வெட்டித் தள்ளிட்டோமுங்க. இனிமேட்டுக்கு நடோணும்” என்றார். என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ‘உங்களால ஆச்சுங்க’ என்று நன்றி சொன்னார். நான் செய்த படிவத்தைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.

படிவத்தைத் திருத்தினேன். ‘தயாரிப்புக் குறை’ என்று ஒரு வரி சேர்த்தேன். காரணத்தை நிரப்பாமல் மேலே போக முடியாதபடி கட்டாயமாக்கினேன். இனி எல்லாம் தெரிந்துவிடும் என்று நம்பினேன். இப்போது காலிக் கட்டம் ஒன்றுகூட இல்லை. நீலத்தின் திரையில் சர்வீஸ் பக்கம் மிகச் சுத்தமாக இருக்கிறது. சர்வீஸ் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தலைவர் அதைப் பெரிதாக அச்சடித்து மாட்டியிருக்கிறார். அதில் ‘தயாரிப்புக் குறை’ என்ற வரி கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கிறது. அண்ணாவுக்கு நடந்ததைப் பார்த்தவர்கள் யார் அதை எழுதுவார்கள்? பாக்கி அத்தனையும் மின்னழுத்தம், அதாவது அதே வோல்டேஜ்தான். முன்பு காலியாக விட்டாவது உண்மையின் பக்கம் நின்றவர்களுக்கு அந்த வழியையும் நான்தான் அடைத்திருக்கிறேன்.

இதை நம்ப முடியவில்லை என்று முதலாளியின் மகளிடம் போய்ச் சொன்னேன். “டேட்டா அப்படித்தான சொல்லுதுங்க்கா?” என்றார். உண்மையாகவே கேட்டார். என்னிடமும் அந்த டேட்டாதான் இருக்கிறது.

இப்போது நானும் உதவிப் பெண்ணும் சர்வீஸ் கூடத்தின் மூலையில், உதிரிப் பாகங்களின் அலமாரிக்குப் பக்கத்தில் உட்காருகிறோம். வாரத்தில் ஒரு நாள், மற்ற வேலையை முடித்துவிட்டு, மின்னழுத்தம் என்று எழுதியிருப்பவர்களில் சிலரை இருவரும் கூப்பிடுகிறோம். எங்களை யாரும் செய்யச் சொல்லவில்லை. பாதிப் பேர் எடுப்பதில்லை. எடுக்கிறவர்களில் சிலர், ஏதோ விற்கக் கூப்பிடுகிறோம் என்று நினைத்து வைத்துவிடுகிறார்கள். பேசுகிறவர்கள் சொல்வதை அவள் ஒரு நோட்டில் எழுதுகிறாள். போன வாரம் எழுதியதில் நான்கு பேர், கரண்டு நன்றாகத்தான் வருகிறது என்றார்கள். அந்த நோட்டை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது என்று எங்களுக்கு இன்னும் தெரியவில்லை.